அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்

வழக்கில் சிக்கிய பெரிய மனிதர் ஒருவருக்கு நற்சான்றுக் கடிதம் எழுதித் தரும்படி யாராவது உங்களிடம் வந்தால், பேனாவை எடுக்கும் முன் டென்னிஸ் ஹாஸ்டர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1999 முதல் 2007 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் அவர். குடியரசுக் கட்சிக்காரர் எவரும் அந்த நாற்காலியில் அவ்வளவு காலம் இருந்ததில்லை. முந்தைய சபாநாயகர் கிங்ரிச் விலகினார், அவருக்கு அடுத்து வரவிருந்தவரும் தகாத உறவு வெளிப்பட்டு ஒதுங்கினார். களங்கமில்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்று கட்சி தேடியபோது கிடைத்தவர்தான் இந்த முன்னாள் பள்ளி ஆசிரியர். இல்லினாய் மாநிலத்தின் யார்க்வில் என்ற சிற்றூரில் மல்யுத்தம் கற்றுக்கொடுத்து, 1976-இல் தன் அணிக்கு மாநிலப் பட்டம் வாங்கித் தந்தவர். வாஷிங்டனிலும் அவரைக் ‘கோச்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரே அவருக்கு நற்சான்றாக இருந்தது.

அந்தக் கோச்சை நம்பி வந்த பையன்களில் குறைந்தது நான்கு பேரை அவர் பாலியல் ரீதியாகச் சீரழித்தார் என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. அவர்களில் ஒருவனுக்கு வயது 14. பல பத்தாண்டுகள் கழித்து, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 35 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, அதில் ஏறத்தாழ 17 லட்சத்தை ஹாஸ்டர்ட் ரொக்கமாகக் கொடுத்தார். பெரிய தொகைகளை எடுப்பது பற்றி வங்கி கேள்வி கேட்டதும், அரசுக்குத் தகவல் போகாதபடி 10,000 டாலருக்குக் குறைவாகப் பிரித்துப் பிரித்து எடுத்தார். சிக்கியது அதில்தான். பழைய குற்றத்துக்குச் சட்டத்தின் காலவரம்பு எப்போதோ முடிந்திருந்ததால், வங்கிக் குற்றத்துக்காக மட்டுமே தண்டிக்க முடிந்தது.

அவர் வாயிலிருந்து வந்த சொற்களைப் பாருங்கள். 2003-இல் குழந்தைகளைக் காக்கும் சட்டத்தைச் சபையில் நிறைவேற்றியபோது, சிறுவர்களைத் திரும்பத் திரும்பச் சீரழிப்பவர்களை ஆயுள் முழுக்கச் சிறையில் வைக்க வேண்டும் என்று முழங்கினார். அதைக் கேட்ட நாட்டில்தான் அந்தப் பையன்களில் உயிரோடு இருந்தவர்களும் நடுவயதைத் தொட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 2014-இல் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வீட்டுக்கு வந்து கேட்டபோது, வங்கிகளில் நம்பிக்கை இல்லாததால் பணத்தை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு கதையை மாற்றி, பொய்ப்புகார் சொல்லி ஒருவர் தன்னை மிரட்டிப் பணம் பறிப்பதாகச் சொன்னார். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கொடியதாகப் படுகிறது. தன்னால் சீரழிந்தவனையே குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பவும் அவர் தயங்கவில்லை. இருவரின் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்து கேட்ட பிறகே, அது மிரட்டல் அல்ல என்று அதிகாரிகளுக்குத் தெளிவானது.

2016 ஏப்ரலில் தண்டனை நாளன்று, தன் வீரர்கள் சிலரைத் தவறாக நடத்தியதாக எழுதி வைத்துப் படித்தார். நீதிபதி தாமஸ் டர்கின் அதோடு விடவில்லை. ஒவ்வொருவராகக் குறிப்பிட்டுக் கேட்டார். ஒருவர் விஷயத்தில் மட்டும் ஆம் என்றார். இன்னொருவர் விஷயத்தில், நினைவில்லை, ஆனால் அவர் சொல்வதை ஏற்கிறேன் என்றார். தவறு செய்து மாட்டிக்கொண்ட தலைவர்களே, மன்னிப்பு கேட்கப் போகிறீர்களென்றால் செய்ததை முழுதாகச் சொல்லுங்கள். நீதிபதி பிடுங்கிப் பிடுங்கி வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். வழக்கறிஞர் அளந்து கொடுத்த வாக்கியம் எந்தக் காயத்தையும் ஆற்றாது.

அந்த நீதிமன்றத்துக்கு அவருக்காக 40-க்கும் மேற்பட்ட நற்சான்றுக் கடிதங்கள் வந்திருந்தன. எழுதியவர்களில் முன்னாள் சபை உறுப்பினர்களும் உளவுத்துறையின் முன்னாள் இயக்குநரும் உண்டு. இவர் படும் பாடு இவருக்குத் தகாதது என்று எழுதினார் சபையில் அவருடைய கட்சிச் சகாவாக இருந்த டாம் டிலே. பாதிக்கப்பட்ட ஒருவரின் சகோதரரிடமே ஹாஸ்டர்ட் இப்படி ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்! எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை; தங்களுக்குத் தெரிந்த நல்லதைத்தான் எழுதினார்கள். ஆனால் அவர்கள் எவரும் அந்தப் பையன்களாக அவர் முன் நின்றதில்லை. உங்களிடம் அவர் நல்லவராக நடந்துகொண்டது இந்த வழக்குக்குச் சாட்சியம் ஆகாது. நன்றிக்கடன் இருந்தால் சிறைக்குப் போய்ப் பாருங்கள், குடும்பத்துக்குத் துணை நில்லுங்கள். பாதிக்கப்பட்டவர் படிக்கப்போகும் தாளில் அந்தக் கடனைத் தீர்க்காதீர்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் 1995-லேயே இறந்துவிட்டார். அஞ்சலி செலுத்த வந்த ஹாஸ்டர்ட்டை இறந்தவரின் சகோதரி நேருக்கு நேர் நின்று கேட்டார். 2006-இல் ஊடகங்களிடமும் சொன்னார். உறுதிப்படுத்த வழியில்லை என்று செய்தி வரவில்லை. பத்தாண்டு கழித்து அதே பெண் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார். 15 மாதச் சிறை விதித்த நீதிபதி, ஹாஸ்டர்ட்டைச் சிறுவர்களைத் தொடர்ந்து சீரழித்தவர் என்றே அழைத்தார். நாடாளுமன்றத்தில் மாட்டியிருந்த அவர் படம் அதற்கு முன்பே கழற்றப்பட்டிருந்தது.

படத்தைக் கழற்றுவதற்கு ஒரு சுத்தியல் போதும். 2017-இல் இல்லினாய் மாநிலம் அதைவிடக் கடினமான வேலையைச் செய்தது: சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களில் வழக்குத் தொடரக் காலவரம்பையே நீக்கியது. உங்கள் பள்ளியில், உங்கள் விளையாட்டு மன்றத்தில், உங்கள் கட்சியில் இன்று ஒரு சகோதரி வந்து அந்தப் பெண்ணைப் போலச் சொன்னால், அவளை உட்கார வைத்துக் கேளுங்கள். சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அன்றே அவளோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.