அவனுக்கும் ஒரு வக்கீல்
பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் தாலிச் சங்கிலி பறித்ததாக ஒருவன் பிடிபட்டால், அவனுக்கு வக்காலத்து போடும் வக்கீலையும் சேர்த்தே திட்டுகிறது திருவண்ணாமலை. கோபம் நியாயம்தான். ஆனால் பிடிபட்டவன்தான் பறித்தவனா? மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி அங்கே இருந்தாரா, அந்த நெரிசலில் முகம் தெரிந்ததா? யாராவது கேட்டாக வேண்டும். கோவையில் வழக்கறிஞர்களோடு மோதிய வழக்கில் போலீசாருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கமே தீர்மானம் போட்டது. வேண்டாதவருக்கும் வக்கீல் வேண்டும் என்பதை வக்கீல்களே மறந்த தருணம் அது. அத்தகைய தீர்மானம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், 2010 டிசம்பரில். கட்சிக்காரர் குற்றவாளி என்று தன் மனத்துக்குப் பட்டாலும் வாதாடு என்கிறது பார் கவுன்சில் விதி. பொய்ச்சாட்சி ஜோடிக்க அதில் இடமில்லை.