பகுதிக்குத் தனி இருப்பு உண்டா?

லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவர் அடைவை மட்டும் கம்பைல் செய்வது, சேக்காட்டில் என் வீட்டிலிருந்து நான் பார்க்கும் அன்றாட வேலை. மேக் கட்டளையோடு அடைவின் பெயரைக் கொடுத்தால் போதும். மற்ற டிரைவர்களைத் தொடாது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, பழசானதை மட்டும் திரும்பக் கட்டும்.

ஆனால் அந்தப் பகுதி தனியாகவா எழுகிறது? எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் கான்ஃபிக் கோப்பு மேலே, வேர் அடைவில் இருக்கிறது. ஹெடர்களில் பாதி வெளியே. 1998இல் பீட்டர் மில்லர் தன் கட்டுரையில் எச்சரித்ததும் இதைத்தான்: ஒவ்வொரு அடைவும் மேக் படிக்கும் விதிக்கோப்பான தன் மேக்ஃபைலை மட்டுமே அறிந்தால், சார்புகளின் முழு வரைபடம் எங்கும் இருக்காது.

பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவு தத்துவத்தில் பழைய கேள்வி. உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்று ஒன்றில்லை என்றனர் பௌத்தர். உண்டு, அது உறுப்புகளிலிருந்து வேறான பொருள் என்றனர் நியாய மரபினரான நையாயிகர். என் மனம் ராமானுஜரிடம் போகிறது. அவர் பார்வையில், தாங்கப்பட்டு, ஆளப்பட்டு, ஆள்பவனுக்காகவே இருப்பது உடல். உலகமும் உயிர்களும் இறைவனுக்கு அப்படி உடல் என்றார். உடல் பொய்யில்லை, பிரித்தால் நிற்காது. என் டிரைவரும் மெய்தான், கெர்னலில் ஏறாமல் அதற்கு ஓட்டமில்லை. ஆனால் அந்த டிரைவர் இல்லாமலும் கெர்னல் ஓடும். இறைவனுக்கு உயிர்கள் வேண்டுமா என்ற கேள்வியை என் மேக்ஃபைல் தொடவில்லை.