கத்தியும் பச்சையும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் 'கத்தி' என்று கேட்டால் தமிழருக்கும் மலையாளிக்கும் பொருள் ஒன்றே. காய் நறுக்கவும் கயிறு அறுக்கவும் உதவும் எளிய கருவி அது. அதனால் விளைவது நன்மையா தீமையா என்பது பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது என்பார்கள். இந்த விடை போதுமானதுதானா?

அருகே ஃபோர்ட் கொச்சியில் மாலை வேளைகளில் கதகளி நடைபெறும் அரங்குகள் உள்ளன. கதகளியில் 'கத்தி' என்பது ஒரு வேடத்தின் பெயர். தருமர், நளன் போன்ற நல்லோர் 'பச்சை' வேடத்தினர். இராவணன், துரியோதனன், கீசகன் ஆகியோர் 'கத்தி' வேடத்தினர். ஆனால் அவர்கள் முகத்தின் அடிநிறமும் பச்சையே என்பதை ஒப்பனையின்போது உடனிருந்து பார்ப்பவர் அறிவர். அந்தப் பச்சையின்மீது, கன்னங்களில் கத்தி வடிவில் சிவப்புத் தீட்டி, வெண்ணிறத்தால் வரம்பு கட்டுகின்றனர். மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெண்குமிழ்கள் பொருத்துகின்றனர். துச்சாதனன் போன்றோருக்குச் செந்தாடி வேடம் தனியே உண்டு. கத்தி வேடத்தினரோ குலமும் கல்வியும் வீரமும் உடையவர்கள்; அவற்றோடு அகந்தையும் உடையவர்கள். பச்சை வேடத்தினர் அரங்கில் ஒலி எழுப்புவதில்லை, இவர்கள் முழங்குவார்கள். தமிழில் 'கத்தி' என்பதற்குக் கூச்சலிட்டு என்றும் பொருளுண்டு என்பது தற்செயல்தான். எனினும் புன்னகை வருகிறது.

'இராவணோத்பவம்' என்ற ஆட்டக்கதையில் இராவணன் தன் தவத்தை நினைவுகூர்ந்து நடிக்கும் பகுதி புகழ்பெற்றது. வானில் செல்லும் குபேரனின் செல்வச் சிறப்பைக் கண்டு தாய் கைகசி கண்ணீர் விடுகிறாள். மடியில் உறங்கிய மகன்மீது அக்கண்ணீர் விழுகிறது. அவன் தவத்திற்குப் புறப்படுகிறான். தீ மூட்டி, தன் தலைகளை ஒவ்வொன்றாக வெட்டி அதில் இடுகிறான்.

இங்கே கை அவனுடையது. வெட்டுண்ட கழுத்தும் அவனுடையதே. பிறர் எவருக்கும் தீங்கில்லை. துறவின் உச்சம் என்றே தோன்றும். ஆனால் ஒன்பது தலைகள் வீழ்ந்தும், வெட்டியவன் 'நான் வெட்டினேன்' என்று அப்படியே நின்றான். நாமும் விரதம் இருக்கிறோம், தானம் செய்கிறோம். எத்தனை நாள், எவ்வளவு என்ற கணக்கை மட்டும் எவரும் கேளாமலே சொல்லிவிடுகிறோம்.

பத்தாவது தலையை வெட்ட முனைந்தபோது பிரம்மா தோன்றினார். தேவர், அசுரர் முதலிய எவராலும் சாவு வரக்கூடாது என்று இராவணன் வரம் கேட்டான். மனிதரைச் சொல்லவில்லை, அவர்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று எண்ணினான். அவ்வாறு அவன் விட்டுவிட்ட மனிதனின் கதைதான் மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது.