விழுந்த கெர்னலைப் பேச வை!

'ரீபூட் பண்ணுப்பா, சரியாயிடும்.' மூத்தவர் சொல்கிறார். நீ அழுத்துகிறாய். சர்வர் எழுந்துகொள்கிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். சில நாள் கழித்து அதே சர்வர் அதே மாதிரி விழும். 'காரணம் தெரியவில்லை' என்று அறிக்கை எழுதும் வேலையும் உன் தலையில்தான் விழும். தம்பி, தங்கையே, கேளுங்கள். காரணம் அங்கேதான் இருந்தது. எந்த ஃபங்ஷன், எந்த டிரைவர், எந்தப் பிராசஸ் என்று அத்தனையும் மெமரியில் இருந்தது. ரீபூட் செய்து அழித்தது நம் கை.

அதை அழியவிடாமல் பிடித்துவைக்கத்தான் லினக்ஸில் கேடம்ப் இருக்கிறது. அதற்கு முந்தைய முறைகள் விழுந்த கெர்னலையே நம்பின. தீப்பிடித்த வீட்டுக்குள் நிற்பவனையே சேதக் கணக்கு எழுதச் சொன்ன கதை அது. எரிக் பீடர்மன் எழுதிய கேஎக்ஸெக் வழியைத் திறந்தது. அதன் மூலம் பயாஸுக்குப் போகாமலே ஒரு கெர்னலிலிருந்து இன்னொரு கெர்னலுக்குத் தாவலாம். ஐபிஎம்மின் இந்தியப் பொறியாளர்கள் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோரும் அவரும் சேர்ந்து எழுதிய கேடம்ப் கட்டுரை 2005-இல் ஆட்டவா லினக்ஸ் மாநாட்டில் வந்தது. அதே ஆண்டு 2.6.13 கெர்னலில் கேடம்ப் சேர்ந்தது. உலகமே பயன்படுத்தும் ஒரு கருவியில் நம் நாட்டுக்காரர்களின் உழைப்பு இருக்கிறது. 'கெர்னலெல்லாம் நமக்கு எட்டாது' என்று இனி யாராவது சொன்னால், இதை அவர் முகத்துக்கு நேரே சொல்!

பூட் ஆகும்போதே கொஞ்சம் மெமரியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னலை ஏற்றி வைக்கிறோம். முதல் கெர்னல் பேனிக் ஆனதும் இரண்டாவது எழுகிறது. பழைய மெமரி முழுவதும் அதற்கு விஎம்கோர் என்ற ஒரே கோப்பாகத் தெரிகிறது. அதை எடுத்து டிஸ்கில் எழுதுகிறது. அந்த நகல்தான் டம்ப். கேட்க எளிது. லேப்டாப்பில் முதல் முயற்சியிலேயே ஓடிவிடும். பெரிய சர்வரில்தான் காலை வாரும். ஏன் தெரியுமா?

பயாஸைத் தாண்டிப் போவதால் எந்தக் கார்டும் ரீசெட் ஆவதில்லை. ரெய்டு கார்டு பழைய கெர்னல் தந்த கட்டளையிலேயே நிற்கிறது. நெட்வொர்க் கார்டு இன்னமும் டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியூவைக் கேட்காமலே, மெமரியில் எழுதிக்கொண்டே இருக்கிறது. கார்டுகள் கேட்கும் முகவரிகளை மாற்றித் தரும் ஐஓஎம்எம்யூ நடுவில் இருந்தால் குழப்பம் இரட்டிப்பு. இரண்டாவது கெர்னல் பழைய முகவரி அட்டவணைகளைக் கலைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் டிஎம்ஏ தடுமாறி, டம்பே தோற்றுவிடும். இன்டெல் சர்வர்களுக்கு இதற்கான திருத்தம் 2015-இல், 4.2 கெர்னலில்தான் வந்தது. பழைய அட்டவணைகளை நகலெடுத்து வைத்துக்கொள்வதே அந்தத் தீர்வு. கேடம்ப் வந்து பத்து ஆண்டுகள் கழித்து! யாரோ ஒருவர் 'எங்கள் சர்வரில் டம்ப் வரவில்லை' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அது நடந்தது. அந்த யாரோ ஒருவராக நீ இருக்கக் கூடாதா?

உன் சர்வரில் தடை இதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம். ஒதுக்கிய மெமரி போதாமல் இரண்டாவது கெர்னலே மூச்சு முட்டும். அதோடு ஏற்றும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் டிஸ்க் டிரைவர் இருக்காது. டம்ப் பாதியில் இருக்கும்போதே வாட்ச்டாக் டைமர் சர்வரை ரீசெட் செய்துவிடும். பேனிக் ஆகாமல் உறைந்து நிற்கும் சர்வருக்கு அதன் மேலாண்மைச் சில்லான பிஎம்சி வழியாக என்எம்ஐ என்ற தடுக்க முடியாத குறுக்கீட்டை அனுப்ப வேண்டும்; அறியாத என்எம்ஐ வந்தால் பேனிக் ஆகு என்று கெர்னலுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இவற்றில் எதுவும் மந்திரமில்லை. சீரியல் கன்சோலை இணைத்து, இரண்டாவது கெர்னல் கடைசியாகச் சொன்ன வரியைப் படி. அது நின்ற இடத்தில்தான் உன் வேலை தொடங்குகிறது.

கேடம்ப் சேவை பச்சையாகத் தெரிகிறது என்று நிம்மதியாகத் தூங்காதே. கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பச்சைக்கு வேறு பொருளில்லை. சோதனை ஒன்றுதான்: நீயே சர்வரை விழவை. சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் கோப்பில் 'சி' என்ற ஒற்றை எழுத்தை எழுது. கெர்னல் அந்தக் கணமே விழும். பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். அனுமதி வாங்கு, பயனர்கள் இல்லாத சர்வரைத் தேர்ந்தெடு, பிறகு கை நடுங்கினாலும் எழுது. வார் கிராஷ் அடைவில் விஎம்கோர் வந்து உட்காரும்வரை திரும்பத் திரும்பச் செய். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று ஆயிரம் முறை சொன்னாலும் வராத துணிவு அந்த ஒரு கோப்பைப் பார்த்ததும் வரும்.

'512 ஜிபி மெமரியை எங்கே சேமிப்பது?' என்று மேலாளர் கேட்பார். மேக்டம்ப்ஃபைல் வெற்றுப் பக்கங்களையும் கேஷையும் பயனர் தரவையும் கழித்துவிட்டு, கெர்னலுக்கு வேண்டியதை மட்டும் சுருக்கித் தரும் என்று அவருக்கு நிமிர்ந்து பதில் சொல்.

டம்ப் கையில் வந்த பிறகு அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதே. ஓடிய கெர்னலின் அதே பதிப்புக்கான டீபக் தொகுப்பை இறக்கி, கிராஷ் கருவியில் திற. முதலில் லாக், பிறகு பேக்ட்ரேஸ். முதல் நாள் பாதி புரியாது. அந்தப் பெயர்களைக் கெர்னல் மூலநிரலில் தேடு, அது எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. குற்றவாளி வன்பொருள் நிறுவனத்தின் டிரைவர் என்று தெரிந்தால் அந்த பேக்ட்ரேஸை அப்படியே அவர்களுக்கு அனுப்பு. 'ஃபர்ம்வேரை அப்டேட் செய்து பாருங்கள்' என்று பொதுவாகப் பதில் வந்தால் ஏற்காதே. எந்தத் திருத்தம் இந்த ஃபங்ஷனைத் தொடுகிறது என்று திருப்பிக் கேள். பதில் வரும்வரை அந்த டிக்கெட்டை மூடவிடாதே.