மண்ணுக்குள் இருக்கும் வேல் யாருக்கு?



மெட்டல் டிடெக்டர் இப்போ ஆன்லைன்லயே கிடைக்குது. அதை வச்சு மேடு, ஆத்தங்கரைன்னு சுத்தி பழைய காசு, மணி, ஈட்டின்னு தோண்டி எடுக்கிற வீடியோக்களும் நிறைய வருது. நம்ம நண்பர்களே கேக்குறாங்க: "ஒரு பழைய வேல் கிடைச்சா அது முருகனே குடுத்ததுதானே? வித்தா தப்பு. வீட்டுல வச்சு கும்பிட்டா என்ன தப்பு?"

நியாயமான கேள்வி. இதை யோசிக்க எனக்கு உதவினது ஆதிச்சநல்லூர்.

திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் போற வழியில இருக்கிற ஊர்தான். 1876-ல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் அங்கே தோண்டி, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ முறையாக அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகள், இரும்பு ஈட்டிகள், தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலச் சேவல்கள் எல்லாம் கிடைச்சது. வேலும் சேவலும் ஒரே இடத்துல! முருக வழிபாட்டோட வேரை அங்கே தேடுற ஆய்வாளர்கள் இருக்காங்க.

ரீ ஒரு விஷயம் குறிச்சு வச்சிருக்கார். இரும்புக் கருவிகள் எல்லாம் முனை கீழே பார்த்தபடி இருந்திருக்கு. துக்கத்துக்கு வந்தவங்க மண்ணுல குத்தி வச்சிருக்கணும்னு அவர் நினைச்சார். சில பானைகள்ல நெல் உமியும் இருந்துச்சு.

டிடெக்டருக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். உமிக்கும் எலும்புக்கும் அது சத்தம் போடாது. சத்தம் வந்த இடத்துல கடப்பாரை இறங்கினா ஈட்டி கையில வரும், தாழி உடையும். அது எப்படி நின்னுச்சு, பக்கத்துல என்ன இருந்துச்சுங்கிறது அதோட போச்சு. (எங்க வேலையில சொன்னா, பேக்கப் இல்லாத டேட்டாவை அழிக்கிற மாதிரி.)

அதைவிட என்னை உறுத்துறது வேற. அந்த ஈட்டி ஏற்கெனவே ஒருத்தருக்குப் படைச்சது. நம்ம தாத்தா சமாதியில வச்ச செம்பை யாரோ எடுத்துட்டுப் போய் அவங்க பூஜை அறையில வச்சா, பக்தியா வச்சிருக்காங்கன்னு விட்டுடுவோமா?

சட்டமும் தெளிவாத்தான் இருக்கு. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878-லயே சட்டம் வந்தாச்சு.

"அரசாங்கத்துக்கிட்ட குடுத்தா கண்ணாடிப் பெட்டியில தூங்கும்"னு கோபப்படுறவங்களையும் புரியுது. ஆதிச்சநல்லூர்ல 2004-05-ல் தோண்டினதுக்கு அறிக்கை வரவே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அதைக் கேட்டு கோர்ட்டுக்குப் போக முடிஞ்சுது. ராத்திரி யாரோ தோண்டின குழிக்கு யார்கிட்ட அறிக்கை கேக்குறது?

மழைக்கு அப்புறம் வயல்ல ஏதாவது தலைகாட்டினா, தொடாம போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.கிட்ட சொல்லுங்க. அடுத்த தடவை திருச்செந்தூர் போறப்போ ஆதிச்சநல்லூர்ல ஒரு அரை மணி நேரம் இறங்குங்க. தாழிகளை இருந்த இடத்துலயே, கண்ணாடி வழியா பாக்குற மாதிரி வச்சிருக்காங்க.