சாரத்துல ஏறும்போது கால் நடுங்குதா?



திருவண்ணாமலையில பெயிண்டிங் வேலை பார்க்கிற ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, மூணாவது மாடி சாரத்துல ஏறினாலே கால் நடுங்குது. கூட வேலை செய்றவங்க சிரிக்கிறாங்க. தினமும் முருகனைக் கும்பிடுறேன், ஆனாலும் பயம் போகல. என் பக்தி பொய்யா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்க விடல.

தம்பி, உங்க ஊர்க் கோயிலுக்கே வாங்க. கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடிச்சது. ராஜாக்கள் பேர் நமக்குத் தெரியும். உச்சிக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து ஏறினவங்க பேர் யாருக்குத் தெரியும்? 2017 பிப்ரவரி 6 கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி சாரத்துல நின்னு திருப்பணி செஞ்சவங்களும் உங்களை மாதிரி கூலிக்கு வந்தவங்கதான். அவங்கள்ல ஒருத்தருக்குக்கூட கால் நடுங்கியிருக்காதுன்னா நினைக்கிறீங்க?

அப்படியே உள்ளே வந்தா வல்லாள மகாராஜா கோபுரம். அதை ஒட்டி கோபுரத்திளையனார் சந்நிதி. வாழ்க்கை வெறுத்துப் போன அருணகிரி அந்தக் கோபுரத்து உச்சியிலிருந்து விழுந்தப்போ முருகன் கையில தாங்கிக்கிட்டார்னு காலங்காலமா சொல்றோம். (தப்பா எடுத்துக்காதீங்க செல்லங்களே. அதுல பெருமை எல்லாம் தாங்கின கைக்குத்தான். மனசு அவ்வளவு கனமா இருந்தா, இன்னிக்கே வீட்டுல ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க.)

அதுக்கப்புறம்தான் திருப்புகழே பிறந்தது. ஆனா கந்தர் அலங்காரத்தைப் படிச்சுப் பாருங்க. முருகனே கையில தாங்கின அந்த மனுஷர், தனி வழியில பயம் வரும், அப்போ வேலும் மயிலும் துணைன்னு பாடுறார். பயமே வராதுன்னு அவர் சொல்லல. பயம் வர்ற இடத்துல துணை யாருன்னுதான் சொல்றார். அவருக்கே அப்படின்னா, உங்க கால் நடுங்குறதுக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம்?

அந்தத் துணை எப்படி வரும்? மயில்ல பறந்துதான் வரணும்னு இல்ல. "பெல்ட்டை மாட்டுடா"ன்னு கத்துற மேஸ்திரி வாயில வரும். சாரக்கட்டையோட முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டுற கூட்டாளி கையில வரும். நெத்தியில விபூதி இருக்கே, பெல்ட் எதுக்குன்னு கேக்குறது பக்தி இல்லீங்க, முருகனுக்கு வைக்கிற பரீட்சை.

வெறும் வயித்தோட ஏறாதீங்க, பாதி தலைசுத்தல் அதனாலதான். முதல் நாலு நாள் முதல் மாடி உயரத்துலயே வேலை கேளுங்க. ஏறும்போது ரெண்டு காலும் ஒரு கையும், இல்லன்னா ரெண்டு கையும் ஒரு காலும் எப்பவும் பிடிமானத்துல இருக்கட்டும். கண்ணு இருட்டினா அங்கேயே உட்கார்ந்து குரல் குடுங்க. அப்படியும் முடியலன்னா, "எனக்குக் கீழ் வேலை குடுங்க"ன்னு கேக்கிறதுல ஒரு அவமானமும் இல்ல. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், உங்க அம்மா சாயங்காலம் உங்களுக்காகத்தான் வாசலைப் பார்த்துட்டு இருப்பாங்க.

நாளைக்குக் காலையில வேலைக்குப் போற வழியில கோபுரத்திளையனாரை ஒரு நிமிஷம் பாருங்க தம்பி. ஏறுறதுக்கு முன்னாடி பெல்ட் கொக்கியை ஒருதரம் இழுத்துப் பாருங்க. இறங்கினதும் எனக்கு மெசேஜ் போடுங்க, காத்திருப்பேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚