உடன் வருவோர்

மாநாட்டுக்குப் பதிவு செய்கிற படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். 'உடன் வருவோர்' என்று. மனைவி, கணவன், பிள்ளை யாரையாவது கூட்டிப்போவதாக இருந்தால் அதில் பெயர் எழுதித் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நாம் உள்ளே உட்கார்ந்து கட்டுரை படித்துக்கொண்டிருக்கும்போது அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவார்கள். ராத்திரி எல்லாருக்கும் சேர்த்து விருந்து. கடைசி நாள் ஒரு கருத்துப் படிவம். தங்குமிடம் எப்படி, சுற்றுலா எப்படி, விருந்து எப்படி. மிக நன்று, நன்று, சுமார். டிக் அடித்துக் கொடுத்துவிட்டு ரயில் ஏற வேண்டியதுதான்.

நான் கட்டடப் பொறியாளன். இருபது வருஷமாக இப்படிப் பல மாநாடுகளுக்குப் போய் வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் தஞ்சாவூரில் நடந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் கோளாறு அவர்களுடையது மட்டும் என்றாகிவிடும். எனக்கு என்ன நடந்தது என்பதைவிட நான் என்ன செய்தேன் என்பதுதான் இதில் விஷயம்.

கேள்வி இதுதான். ஒருத்தர் போட்ட சோற்றைத் தின்றால் அவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? நன்றியா? நன்றி என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதே' என்று நம்மிடம்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள். சோறு போட்டவன் பண்ணுகிற ரெண்டகத்துக்கு ஒரு பழமொழியும் இல்லை.

நான் கீழத்தஞ்சைக்காரன். சின்ன வயசில் பார்த்த முதல் விருந்து பண்ணை வீட்டுக் கல்யாணம். மூணு நாள் எங்க தெருவே அங்கேதான் கிடக்கும். பந்தல்கால் நடுவது, விறகு பிளப்பது, வாழை வெட்டிக்கொண்டு வருவது, எச்சில் இலை எடுப்பது. எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு கொல்லைப்பக்கம் எங்கம்மா குண்டானோடு நிற்பாள். சோறு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் ஒண்ணா விழும். வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருக்கிற எங்களை எழுப்பி ஊட்டுவாள். ருசியாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்லக் கூடாது.

அந்த வருஷம் அறுப்புக்குக் கொஞ்சம் கூலி கூடக் கேட்டபோது பண்ணை சொன்னது: "நம்ம வூட்டுச் சோத்தத் தின்னுட்டா இப்புடிக் கேக்குறீங்க?" மூணு நாள் உழைப்புக்கு ஈடாக விழுந்த சோறு அது. அதையே கடனாக எழுதி, அந்தக் கடனுக்கு எங்கள் வாயை அடமானம் வாங்கிக்கொண்டார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், கேட்காததைக் கொடுப்பது. அப்புறம் அதற்கு நன்றி கேட்பது. விருந்து என்ற சொல் ஊரில் இப்படித்தான் வேலை செய்தது.

மாநாட்டு விருந்தில் இந்தக் கணக்கு இல்லையே, நாம்தான் காசு கட்டியிருக்கிறோமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் பிரதிநிதிகளையும் உடன் வந்தோரையும் சேர்த்துப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற விமானத்தை நூறு பொறியாளர்கள் அண்ணாந்து பார்த்தோம். அத்தனை கல்லை அத்தனை உயரத்துக்கு ஏற்றியது லேசுப்பட்ட காரியமில்லை. நானும் அசந்துதான் போனேன். ஏற்றிய கைகள் யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை. கைடு சொன்னார், இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று. பொறியாளர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். ஒருத்தரும் மறுக்கவில்லை. நான் அப்போது அந்த நிழலில்தான் நின்றுகொண்டிருந்தேன். விருந்தாளியாகப் போன இடத்தில் எதற்கு மறுத்துப் பேசுவது என்கிற நாகரிகம்.

1010-இல் முடிந்த கோயில் அது. ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு அங்கே கல்லில் இருக்கிறது. எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று சொல்லிக்கொண்டு வரும்போது ஊர்நத்தம், குளம், பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு என்று வரிசையாக வரும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. கைடு வாயில்தான் வரவில்லை. நான் அதைப் படித்தவன். 'அந்தக் கல்வெட்டு எந்தப் பக்கம் இருக்கு?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுற்றுலா வந்த இடத்திலும் உங்களுக்கு அரசியல்தானா என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தேன்.

அன்றைக்குக் காலையில் பெண்களைத் திருபுவனத்துக்குப் பட்டுப்புடவை பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் மனைவியிடம் கேட்டிருக்கிறார், நீங்க சைவமா என்று. இல்லைங்க. கோழி, மீன் மட்டுமா? இல்லைங்க, மாட்டுக்கறியும் உண்டு. "அப்புறம் அந்தம்மா ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாங்க. எனக்கும் நிம்மதியா தூக்கம் வந்துச்சு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். என்னிடம் யாராவது கேட்டால் 'எல்லாம் சாப்பிடுவேன்' என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிடுவேன். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ராத்திரி ஓட்டல் புல்தரையில் விருந்து. வண்ண விளக்கு, நாதஸ்வரம், பொய்க்கால் குதிரை. ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் மேசையில் எனக்கு இடம். எச்சில் தட்டுகளை பிளாஸ்டிக் டப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போகிற ஆட்கள் நாலு பேர், சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக. அதில் ஒருத்தர் எங்கள் மேசைக்கு வந்தார். எங்க பெரியம்மா மகன்.

எனக்கு வாய்க்காலில் நீச்சல் பழக்கியவர். பத்தாவது பரீட்சைக்கு என்னைத் தினமும் சைக்கிளில் உட்காரவைத்து ஒன்பது மைல் மிதித்தவர். ஊரில் வேலை இல்லாமல் தஞ்சாவூருக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்தார். பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லத்தான் இத்தனை எழுதியிருக்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பேராசிரியர் பாலத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க, அது உங்க அண்ணன்தானே?" என்றாள் மனைவி. நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள். டப்போடு நின்றவரிடம், "சாப்ட்டீங்களா அத்தான்?" என்று கேட்டாள். "எல்லாரும் முடிச்ச பொறவுதாம்மா எங்களுக்கு" என்றார். அது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. பேராசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தெரிஞ்சவங்களா?" என்றார். "ஆமா, ஊர்க்காரங்க" என்றேன். அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தோழர்களே, சேர்ந்து உண்பதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாடில் நடந்ததும் ஒரு மாநாடுதான். பிரதிநிதிகள் குடிக்கிற தண்ணீரைச் சாதி இந்துக்களிடம் நாற்பது ரூபாய்க்கு விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ரெண்டாம் நாள் அம்பேத்கர் முன்னே போக, எல்லாரும் வரிசையாக ஊருக்குள் நடந்து சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். அந்த மாநாட்டின் சுற்றுலா அது. திரும்பி வந்து பந்தலில் சாப்பாட்டு வேளை. வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பி, தடிகளோடு வந்து அடித்தார்கள். சோறு மண்ணில் கொட்டி மிதிபட்டது. விருந்து அப்படி முடிந்தது.

1934-இல் அம்பேத்கரும் இயக்கத் தோழர்களும் எல்லோராக் குகைகளைப் பார்க்கப் போனார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் இருந்த குளத்தில் தூசு போக முகம் கை கால் கழுவினார்கள். தண்ணீரைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று முஸ்லிம்கள் கூட்டமாக வந்து வைதார்கள். கடைசியில் உள்ளே விட்டார்கள். ஆனால் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று கூடவே ஓர் ஆயுதக் காவலாளி. உடன் வருவோர் என்றால் அவர்தான் உடன் வந்தவர்.

1936-இல் லாகூரில் சாதி ஒழிப்பு மாநாடு ஒன்றுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தார்கள். எழுதிய உரையைப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடே நடக்கவில்லை. உரையைத் தன் செலவில் அச்சடித்தார். அழைத்தவன் நாக்கையும் சேர்த்துக் கேட்டால் அழைப்பைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் காட்டினார். அந்த உரையில்தான், சேர்ந்து உண்பது மட்டும் சாதியைக் கொல்லாது, சேர்ந்து உண்கிற சாதிகளுக்குள்ளும் சாதி உணர்வு சாகவில்லை என்கிறார்.

அதைப் பலமுறை படித்திருக்கிறேன். அது 'அவர்களைப்' பற்றியது என்றே நினைத்திருந்தேன். அவர்கள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாலும் மனசு மாறவில்லை என்பதற்கு அத்தாட்சியாக வைத்திருந்தேன். தஞ்சாவூரில் அந்த ராத்திரி பேராசிரியர் என்னோடு சாப்பிட்டார். நான் யாரோடு சாப்பிட்டேன்? பந்தியில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் அண்ணனை ஊர்க்காரன் ஆக்கினேன். பண்ணை அன்றைக்கு அடமானம் கேட்டது. இங்கே யாரும் கேட்கவில்லை, நானே கொண்டுபோய் வைத்தேன்.

மாநாடு முடிந்த மறுநாள் அண்ணன் வீட்டைத் தேடிப்போனோம். டவுனுக்கு வெளியே எட்டு கிலோமீட்டரில் ஒத்தை அறை. அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"நாந்தாண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டேன். ஒன் மரியாத கெட்டுடக் கூடாதுல்ல."

"அங்கயே உங்கள உக்காரச் சொல்லிச் சாப்பிட வச்சிருக்கணும்ணே."

"அவனுவ மத்தியில உக்காந்தா எனக்கு எறங்குமாடா? வேலய வுட்டு நிறுத்திப்புடுவான். பேசுறதுன்னா இதப் பேசு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வுடுறான், பஸ்ஸு இல்ல, சைக்கிள மெறிச்சுகிட்டு வாரேன். கூலிய அன்னன்னிக்கே குடுக்கச் சொல்லு. எங்களுக்கும் மொதல்லயே சோறு போடச் சொல்லு, ஆறிப்போன பொறவு இல்ல."

அவர் கேட்டதில் சமபந்தி இல்லை. என் மேசையில் இடமும் கேட்கவில்லை. கூலி, வண்டி, சூடான சோறு. யோசித்துப் பார்த்தால், அவரை இழுத்து உட்காரவைக்க நினைத்ததும் ஒரு பண்ணைத்தனம்தான். சமத்துவத்தையும் விருந்து மாதிரி நம் கையால் பரிமாறிவிட்டு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறோம். விருந்து வேண்டாம், கொடுக்க வேண்டியதைக் கொடு என்பதுதான் எங்கள் பக்கத்தின் பழைய குரல். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களைத்தான் 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் குடிசையோடு எரித்தார்கள். 44 பேர். அன்றைக்கு அதுவும் தஞ்சை மாவட்டம்தான். நான் பார்த்த எந்த மாநாட்டின் சுற்றுலாப் பட்டியலிலும் அந்த ஊர் இல்லை.

அப்படியானால் என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது. சோற்றுக்கு நன்றி உண்டு. அது சமைத்தவருக்கும், சுமந்தவருக்கும், தட்டுக் கழுவியவருக்கும். அந்த நன்றியை வாயால் சொல்லித் தீர்க்க முடியாது. அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். அழைத்தவருக்கு நம் மௌனம் கடன் இல்லை. இதெல்லாம் வேலையில் உட்கார்ந்துவிட்டவனின் குற்ற உணர்ச்சி, ஒரு சொகுசு என்று தோழர்கள் சொல்லலாம். குற்ற உணர்ச்சியோடு நின்றால் அப்படித்தான்.

அதற்குப் பிறகு என்னை அழைக்கிற இடங்களில் ரெண்டு விஷயம் முதலிலேயே கேட்டு எழுதுகிறேன். பரிமாறுகிறவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள், ராத்திரி எப்படி வீட்டுக்குப் போகிறார்கள். ரெண்டு இடத்தில் ஏற்பாடு செய்தார்கள். ஓர் இடத்தில் பதில் இல்லை, அடுத்த தடவை அழைப்பும் இல்லை.

தஞ்சாவூரில் கடைசி நாள் கொடுத்த படிவத்தில் விருந்துக்கு நேரே 'மிக நன்று' என்று டிக் அடித்தவன் நான். அதைத் திருப்பி வாங்க முடியாது. என் மனைவிக்குப் படிவம் தரவில்லை. கேட்டதற்கு, உடன் வருவோரிடம் கருத்துக் கேட்கிற வழக்கம் இல்லை என்றார்கள்.